டூ ஸ்ட்ரோக் டீசல் என்றால் எல்லாம் காற்றுக் கணக்குதான்

மணலியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய சித்தப்பா ஏலத்தில் ஒரு பழைய மொபைல் கிரேன் எடுத்திருக்கிறார், உள்ளே இருப்பது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டெட்ராய்ட் 6-71 இன்ஜின். ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறதாம், கீழே எண்ணெய் சொட்டுகிறதாம். வந்து பார்த்த மெக்கானிக், "இது டூ ஸ்ட்ரோக்குங்க, கழட்டி காயலான் கடைக்குப் போட்டுட்டு ஒரு லேலண்ட் இன்ஜினை வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பியின் சந்தேகம் இதுதான்: டூ ஸ்ட்ரோக் என்பது பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டுகிற பழைய ஆட்டோ சமாச்சாரம்தானே, டீசலில் அது எப்படி வந்தது, பெரிய மெஷினில் எதற்குப் போட்டார்கள், நல்ல இன்ஜின் என்றால் இப்போது ஏன் காணோம், மோசமான இன்ஜின் என்றால் கப்பலில் மட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

கிரேனுக்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மற்றதெல்லாம் புரிய வேண்டும், ஏனென்றால் அந்த மெக்கானிக் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை.

முதலில் ஆட்டோ விஷயத்தை முடித்துவிடலாம். பழைய பெட்ரோல் ஆட்டோ, திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியிலிருந்து வந்த மினி புல்லட், இவற்றிலெல்லாம் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் இன்ஜின் அடியிலிருக்கும் கிராங்க் கேஸுக்குள் போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரிலிருக்கிற ஓட்டை வழியாக மேலே ஏறும். அதே சமயம் எதிர்ப்பக்கம் புகை போகிற ஓட்டையும் திறந்திருக்கும். அதனால் புகையோடு சேர்ந்து எரியாத பெட்ரோலும் வெளியே ஓடிவிடும், கலந்த எண்ணெயும் எரிந்து நீலப் புகையாக வரும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும் என்று நமக்குப் பதிந்துபோனது இதனால்தான். டீசலில் இந்தக் குறை அடிப்படையிலேயே இல்லை. சிலிண்டருக்குள் முதலில் போவது வெறும் காற்று. டீசல் கடைசி நிமிஷத்தில், காற்று நன்றாக அழுந்திச் சூடேறிய பிறகு, இன்ஜெக்டர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. புகையோடு கொஞ்சம் காற்று வெளியே ஓடினால் என்ன நஷ்டம்? காற்றுக்குக் காசா பணமா.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய இன்ஜினின் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு எண்ணெய் போயாக வேண்டும், அதனால் கிராங்க் கேஸ் முழுக்க எண்ணெய். அந்த இடத்தைக் காற்றுப் பம்ப்பாகப் பயன்படுத்த முடியாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே ஒரு ஸ்ட்ரோக் முழுக்கக் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சும், இன்னொரு ஸ்ட்ரோக்கில் புகையைத் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இரண்டு ஸ்ட்ரோக்கும் கிடையாது. அப்புறம் புகையை யார் வெளியே தள்ளுவது, காற்றை யார் உள்ளே கொண்டுவருவது? வெளியிலிருந்து ஒரு ப்ளோயர் அடிக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் டீசலின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது. எந்த மெஷினில் காற்றைச் சுலபமாகவும் மலிவாகவும் கொடுக்க முடிந்ததோ அங்கே இந்த இன்ஜின் நின்றது, முடியாத இடத்தில் போய்விட்டது.

6-71-ஐயே எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்சுவரான லைனரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், ஹெட்டில் இருக்கும் வால்வுகள் எல்லாமே எக்ஸாஸ்ட் வால்வுகள், இன்டேக் வால்வ் என்று ஒன்றே கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் மட்டுமே பார்த்த மெக்கானிக் முதல்முறை ஹெட்டைக் கழற்றினால் இங்கேதான் குழம்புவார். பிஸ்டன் எரிந்த வாயுவின் அழுத்தத்தில் கீழே இறங்குகிறது. பாதி தாண்டியதும் மேலே எக்ஸாஸ்ட் வால்வ் திறந்துவிடும், அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்புறம் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் இறங்கி ஓட்டைகளைத் திறந்துவிட்டதும், ப்ளோயர் ஏற்கெனவே ஏர் பாக்ஸில் நிரப்பி வைத்திருக்கும் காற்று சுழன்றுகொண்டே உள்ளே பாய்ந்து, மிச்சப் புகையை மேலே வால்வ் வழியாகத் தள்ளிவிடும். பின்வாசலில் ஏறுகிற கூட்டம் தள்ளுகிற தள்ளில் முன்வாசலில் நிற்பவர்கள் தானாக இறங்கிவிடுவார்களே, நம் 56-ஆம் நம்பர் வரிசை பஸ்களில் காலை நேரத்தில் நடப்பது, அதேதான். காற்று ஒரே திசையில் போவதால் இதை யூனிஃப்ளோ என்கிறார்கள். பிஸ்டன் திரும்ப மேலே வரும்போது ஓட்டை மூடும், வால்வ் மூடும், காற்று அழுந்தும், இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சும், வெடிக்கும். கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதற்கு இரண்டு சுற்று வேண்டும்.

அப்படியானால் சக்தி இரண்டு மடங்கா என்று எல்லோரும் கேட்பார்கள். இல்லை. ஓட்டைகள் இருக்கிற உயரம் அளவுக்கு ஸ்ட்ரோக் வீணாகிறது, ப்ளோயரைச் சுற்றுவதற்கு இன்ஜினே தன் சக்தியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் புகையும் நூற்றுக்கு நூறு போய்விடாது. இதெல்லாம் போகத்தான் லாபம். ஆனாலும் லாபம் கணிசமானது. இதே குடும்பத்து 8வி-71 இன்ஜின் 9.3 லிட்டர்தான், டர்போ கிடையாது, 2100 சுற்றில் 318 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தக் காலத்தில் அதே அளவு வேலைக்கு லாரிக்காரர்கள் வைத்த கம்மின்ஸ் 855 ஃபோர் ஸ்ட்ரோக், 14 லிட்டர். அளவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

கத்துவதற்கும் இதுதான் காரணம். எட்டு சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை வெடித்தால் 2100 சுற்றில் நிமிஷத்துக்கு 16,800 வெடிப்பு, நொடிக்கு 280. ஃபோர் ஸ்ட்ரோக் எட்டு சிலிண்டரில் அதே சுற்றில் அதில் பாதிதான். அதனால் இன்ஜின் 2100-இல் ஓடினாலும் நம் காதுக்கு அது 4200-இல் ஓடுகிற மாதிரி இருக்கும். கூடவே ப்ளோயரின் கிரீச்சிடல். இது கோளாறு இல்லை, பிறவிக் குரல். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், நல்ல சைலன்ஸர் ஒன்று போட்டால் அக்கம்பக்கத்துச் சண்டை குறையும்.

இப்போது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் இரண்டு டூ ஸ்ட்ரோக் டீசல்களைக் கொண்டுவந்தது. ஒன்று சின்னது, 71 வரிசை. இன்னொன்று பெரியது, ரயில் இன்ஜினுக்கான 567 வரிசை. இந்த நம்பர்கள் எல்லாம் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 71 என்றால் கிட்டத்தட்ட 1.16 லிட்டர், 567 என்றால் 9.3 லிட்டர். ஆக 8வி-71 முழு இன்ஜினின் கொள்ளளவும் 567-இன் ஒரே ஒரு சிலிண்டரும் ஒன்று. 6-71 என்றால் ஆறு சிலிண்டர், 71 வரிசை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே உலகப் போர் வந்தது. கரையில் சிப்பாய்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகளில் 6-71 ஓடியது, ஷெர்மன் டாங்கின் ஒரு வகையில் இரண்டு 6-71-களை ஜோடியாகக் கட்டி ஓட்டினார்கள். போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய இன்ஜின்களும் அதைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்ட ஆட்களும் படகு, கிரேன், ஜெனரேட்டர், பம்ப் செட், ரிக் என்று எல்லாப் பக்கமும் பரவினார்கள். பழைய அமெரிக்க கிரேன்களில் இது இருப்பது அதனால்தான், சித்தப்பாவின் கிரேன் ஒன்றும் அதிசயம் இல்லை.

கனரக மெஷின்காரர்களுக்கு இது பிடித்துப்போனதற்குச் சக்தி மட்டும் காரணமில்லை. இரண்டு சிலிண்டரிலிருந்து பதினாறு வரைக்கும் ஒரே குடும்பம், பெரும்பாலான உள்பாகங்கள் பொது. காட்டுக்குள் ரோடு போடுகிற கம்பெனி ஒன்று பத்து விதமான மெஷின் வைத்திருந்தாலும் ஸ்டோரில் ஒரே வகை பிஸ்டன் கிட், ஒரே வகை இன்ஜெக்டர் வைத்துச் சமாளிக்கலாம். இன்னொன்று, ப்ளாக்கைத் திருப்பிப் போட்டு இன்ஜினை வலமாகவோ இடமாகவோ சுற்ற வைக்கலாம், ப்ளோயரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாட்டலாம், இட நெருக்கடி இருக்கிற மெஷினில் இது பெரிய வசதி. ஹை பிரஷர் பைப்பே கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் யூனிட் இன்ஜெக்டர், கேம்ஷாஃப்ட் அடிக்கும்போது அங்கேயே அழுத்தி அங்கேயே பீய்ச்சும். ஒரு இன்ஜெக்டர் போனால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம், பம்ப்பைத் தூக்கிக்கொண்டு கேலிபிரேஷன் கடை தேடி அலைய வேண்டாம். அதற்குப் பதில் ராக் செட்டிங் என்று ஒரு வேலை இருக்கிறது. ராக் என்பது இன்ஜெக்டரில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற தண்டு; ஆறு இன்ஜெக்டரும் ஒரே அளவு டீசல் கொடுக்கிற மாதிரி அதை ஒழுங்குபடுத்துவது, பொறுமையாகச் செய்ய வேண்டும், அவசரக்காரர்கள் கையில் கொடுத்தால் இன்ஜின் நொண்டும்.

அலிஸ் சால்மர்ஸ் டோசர்களில் இந்த ஜிஎம் இன்ஜின்கள்தான் இருந்தன. டெரெக்ஸ் டிஎஸ்-14 என்ற மண்வாரி ஸ்க்ரேப்பரில் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் ஒரு இன்ஜின். முன் சக்கரமும் பின் சக்கரமும் தனித்தனி இன்ஜினில் ஓடியதால் சேற்றில் டோசர் வந்து தள்ளாமலே மண் அள்ளும். அதற்கெல்லாம் உச்சம் டெரெக்ஸ் 33-19 டைட்டன். 1970-களில் ஒரே ஒரு வண்டிதான் செய்தார்கள். சுரங்க டம்பர், 350 அமெரிக்க டன் சுமக்க வேண்டும், அந்த அளவுக்கு லாரி இன்ஜின் எதுவும் போதாது என்று 16 சிலிண்டர் ரயில் இன்ஜினையே, ஜிஎம்-இன் ரயில் இன்ஜின் பிரிவான இஎம்டியின் 645 டூ ஸ்ட்ரோக்கை, தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். இன்று அது கனடாவில் ஸ்பார்வுட் என்ற ஊரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. கேட்டர்பில்லர் இந்தப் பக்கம் வராமல் ஃபோர் ஸ்ட்ரோக்கிலேயே நின்றது. கடைசியில் பிழைத்தது அவர்கள் வழிதான், அதற்குக் காரணம் பிறகு வருகிறது.

ரயில் பக்கம் வருவோம், நம்ம ஊரில் கொருக்குப்பேட்டை யார்டுக்கும் தண்டையார்பேட்டை டீசல் ஷெட்டுக்கும் நடுவில் வளர்ந்தவர்களுக்கு இது காதாலேயே தெரியும். பல வருஷம் நாம் கேட்டது ஆல்கோ இன்ஜின், டபிள்யூடிஎம்-2, அது ஃபோர் ஸ்ட்ரோக், திணறித் திணறி வருகிற சத்தம், கிளம்பும்போது கறுப்புப் புகை. 2000-க்குப் பிறகு சரக்கு வண்டிகளில் நீள மூக்கோடு ஒரு இன்ஜின் வர ஆரம்பித்தது, திணறலே இல்லாமல் ஒரே சீரான ரீங்காரம். அதுதான் டபிள்யூடிஜி-4, உள்ளே இஎம்டி 16-710 டூ ஸ்ட்ரோக், ஆரம்பத்தில் 4000 குதிரைத்திறன். வேடிக்கை என்னவென்றால் 1962 வாக்கிலேயே ஜிஎம் டூ ஸ்ட்ரோக் லோகோக்கள் 72 இந்தியாவுக்கு வந்துவிட்டன, டபிள்யூடிஎம்-4 என்று பெயர், 1969-இல் முதல் ராஜதானியை இழுத்ததும் அதுதான். ஆனால் தொழில்நுட்பத்தைக் கொடுக்க ஆல்கோ ஒத்துக்கொண்டது, ஜிஎம் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வாரணாசியில் ஆல்கோதான் தயாரானது. ஜிஎம் திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த 710-இல் காற்றுப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். டர்போ என்பது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றுவது. ஐட்லிங்கில் எக்ஸாஸ்டுக்கு அவ்வளவு பலம் கிடையாது, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பரவாயில்லை, தானே உறிஞ்சிக்கொள்ளும், டூ ஸ்ட்ரோக்கோ காற்று வராவிட்டால் அப்படியே நின்றுவிடும். அதனால் டர்போவை ஒரு கியர் வரிசையோடும் இணைத்து, நடுவில் ஒரு கிளட்ச் வைத்தார்கள். ஸ்டார்ட் செய்யும்போதும் லோடு குறைவாக இருக்கும்போதும் இன்ஜினே கியர் வழியாக டர்போவைச் சுற்றும், அதாவது அது வெறும் ப்ளோயர். லோடு ஏறி எக்ஸாஸ்ட் சூடானதும் டர்போ முந்திக்கொண்டு சுற்றும், கிளட்ச் தானாக விட்டுவிடும். ரிப்பேர் வசதியும் உண்டு. ஒரு சிலிண்டரில் கோளாறு என்றால் ஹெட், லைனர், பிஸ்டன், ராடு எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கிரேனில் தூக்கிவிட்டு வேறு கட்டை இறக்கலாம். பவர் அசெம்ப்ளி என்பார்கள். இன்ஜினை லோகோவிலிருந்து இறக்கவே வேண்டாம்.

அடுத்து கப்பல். காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகளில் இருப்பதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக், அதை விடுங்கள். ஹார்பருக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற பெரிய சரக்குக் கப்பல்கள், எண்ணூரில் நிலக்கரி இறக்க வருகிறவை, காட்டுப்பள்ளிக்கு வரும் கன்டெய்னர் கப்பல்கள், இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரே ஒரு பிரம்மாண்டமான டூ ஸ்ட்ரோக் இருக்கும். கியர் பாக்ஸ் இல்லை, கிளட்ச் இல்லை, கிராங்க்கிலிருந்து நேராக ப்ரொப்பெல்லர். ப்ரொப்பெல்லர் பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றினால்தான் எரிபொருள் மிச்சம், அதனால் இன்ஜினும் நிமிஷத்துக்கு நூறு சுற்று, அதற்கும் கீழே. கப்பல் பின்னால் போக வேண்டுமா, இன்ஜினை நிறுத்தி, எரிபொருள் விடும் நேரத்தை மாற்றி, 30 பார் அழுத்தக் காற்றை சிலிண்டருக்குள் விட்டு எதிர்த்திசையில் ஸ்டார்ட் செய்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது, காற்றுதான்.

எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: 2006-இல் எம்மா மார்ஸ்க் கப்பலில் வைத்த வார்ட்சிலா ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி இன்ஜினில் 14 சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 96 சென்டிமீட்டர், ஸ்ட்ரோக் இரண்டரை மீட்டர். 102 சுற்றில் சுமார் 80,000 கிலோவாட், ஒரு லட்சம் குதிரைத்திறனுக்கு மேல். எடை 2,300 டன். எரிபொருளில் இருக்கும் சக்தியில் பாதிக்கும் மேல் தண்டுக்கு வந்து சேர்கிறது, ரோட்டில் ஓடுகிற சாதாரண லாரி இன்ஜின்கள் அதற்குக் கீழேதான். இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது காற்று உள்ளே வந்து புகையைத் தள்ள தாராளமாக நேரம் கிடைக்கிறது. லாரியில் நொடியில் சிறு பின்னத்தில் நடக்க வேண்டியது இங்கே நிதானமாக நடக்கிறது. டர்போ காற்று கொடுக்கும், கப்பல் மெதுவாகப் போகும்போது மட்டும் கரண்ட்டில் ஓடும் துணை ப்ளோயர்கள் வந்து கைகொடுக்கும். சுல்சர் கம்பெனி 1980-கள் வரை எக்ஸாஸ்ட் வால்வே இல்லாமல், காற்று மேலே ஏறி வளைந்து கீழே இறங்குகிற லூப் முறையில்தான் செய்துகொண்டிருந்தது. ஸ்ட்ரோக் நீளமாக நீளமாக அந்த வளைவு மேல்மூலை வரை போய்ச் சேரவில்லை, அவர்களும் கடைசியில் யூனிஃப்ளோவுக்கே மாறினார்கள்.

எண்ணெய்ப் பிரச்சினைக்கும் கப்பலில் வழி இருக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே நேராக ஒரு ராடு இறங்கி, கிராஸ்ஹெட் என்ற சறுக்குக் கட்டையில் முடியும், அதிலிருந்துதான் கனெக்டிங் ராடு கிராங்க்குக்குப் போகும். நடுவில் ஒரு தடுப்பு, ஸ்டஃபிங் பாக்ஸ். மேலே சிலிண்டரில் நடக்கிற அழுக்கு கீழே கிராங்க் கேஸுக்கு வராது. லைனருக்கு என்று தனியாக, காரத்தன்மை உள்ள எண்ணெயை அளந்து அளந்து பீய்ச்சுவார்கள், எரிபொருளிலிருக்கும் கந்தகத்திலிருந்து வரும் அமிலத்தை அது முறிக்கும். மணலி மாதிரி சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலும் டீசலும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுகிற தார் போன்ற எண்ணெயைக்கூட நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி இதில் எரிக்க முடிவது இதனால்தான்.

இந்தக் கப்பல் இன்ஜின் ரகத்தைப் பார்க்க நாம் கடலுக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லாமல் இருந்தது, பலருக்கு அது தெரியவே தெரியாது. 1990-களின் கடைசியில் பேசின் பிரிட்ஜில் ஜிஎம்ஆர் வாசவி டீசல் மின்நிலையம் வந்ததே, 200 மெகாவாட், அதில் இருந்தது நான்கே நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் 50 மெகாவாட், எல்லாம் மெதுவாகச் சுற்றும் டூ ஸ்ட்ரோக். குளிர்விக்க நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தினார்கள். அந்த எண்ணெயில் செய்கிற மின்சாரம் விலை கூட, மின்வாரிய ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நின்றுவிட்டது. வியாசர்பாடிப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் எத்தனை பேர் அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு கப்பலின் இதயத்தை நான்கு மடங்கு வைத்திருந்தார்கள் என்று நினைத்திருப்பார்கள்!

ஆவடியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1965-லிருந்து அங்கே செய்த விஜயந்தா டாங்கில் இருந்தது லேலண்ட் எல்60, அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், ஆனால் ஹெட்டே இல்லாத வகை, ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிஸ்டன், இரண்டு இரண்டாக எதிரும் புதிருமாக வந்து நடுவில் மோதாமல் நின்று வெடிக்கும். கேட்க அழகு, பராமரிக்கத் தலைவலி.

அப்புறம் பைலிங் வேலையில், அதாவது அஸ்திவாரத் தூண்களை (பைல்) மண்ணுக்குள் அடித்து இறக்கும் வேலையில், இருக்கும் டீசல் ஹாமர். அதுவும் ஒரு டூ ஸ்ட்ரோக் டீசல்தான், யாரும் அப்படி நினைப்பதில்லை. கிராங்க்கே இல்லை. கனமான இரும்பு ராம் குழாய்க்குள் விழும், விழும்போது காற்று அழுந்தும், டீசல் எரியும், அந்த வெடி ஒரு பக்கம் பைலைக் கீழே அறையும், இன்னொரு பக்கம் ராமை மேலே எறியும், அது மேலே போகும்போது ஓட்டை திறந்து புகை போய்ப் புதுக் காற்று வரும். ப்ளோயர் இல்லாமல் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் டீசல் வேண்டுமென்றால் இதுதான்.

சரி, நடுத்தர அளவில் மட்டும் ஏன் போனது? இரண்டு காரணம். ஒன்று, டர்போவும் இன்டர்கூலரும் வந்தபின் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் காற்று தாராளமாகக் கிடைத்தது. சின்ன இன்ஜினில் பெரிய சக்தி என்ற டூ ஸ்ட்ரோக்கின் ஒரே பெருமை அதோடு போனது, டீசல் செலவிலும் ஃபோர் ஸ்ட்ரோக் முந்திக்கொண்டது. இரண்டு, புகை விதிகள். ஒவ்வொரு முறையும் பிஸ்டன் ரிங் அந்த ஓட்டைகளைத் தாண்டிப் போகும்போது லைனரில் இருக்கிற எண்ணெயில் கொஞ்சம் காற்றோடு சேர்ந்து மேலே போய் எரியும். இதை முழுக்க நிறுத்த முடியாது, நிறுத்தினால் ரிங் தேய்ந்துபோகும். டெட்ராய்ட்காரர்கள் 1985-இல் கம்ப்யூட்டர் கன்ட்ரோல் எல்லாம் கொண்டுவந்து பார்த்தார்கள், ஆனால் 1987-இல் அவர்களே சீரீஸ் 60 என்ற ஃபோர் ஸ்ட்ரோக்கை இறக்கினார்கள், 1990-களில் லாரிகளில் டூ ஸ்ட்ரோக்கின் கதை முடிந்தது. ரயிலிலும் அதே கதைதான். அமெரிக்காவில் 2015-இல் வந்த டயர் 4 (Tier 4) என்ற புகை விதிக்கு 710 ஈடுகொடுக்கவில்லை, இஎம்டி 1010 என்ற ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போனது. கப்பலில் மட்டும் மாற்று வரவில்லை, இப்போது அதே டூ ஸ்ட்ரோக்கை எல்என்ஜி என்ற திரவ இயற்கை எரிவாயுவிலும் மெத்தனாலிலும் ஓட்டுகிறார்கள்.

இனி கிரேன் விஷயம். முதலில் பயமுறுத்த வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் அந்த மெக்கானிக் சொல்லியிருக்க வேண்டும். ப்ளோயரின் சீல் போய்விட்டால் எண்ணெய் நேராக ஏர் பாக்ஸுக்குள் இறங்கும், இன்ஜின் அதையே எரித்து வேகமெடுக்கும். ராக்கை இழுத்து டீசலை நிறுத்தினாலும் நிற்காது, அதற்குத்தான் சொந்த எண்ணெயே தீனியாகக் கிடைக்கிறதே. ராயபுரம் பக்கம் ஒரு பட்டறையில் ஜெனரேட்டர் ஒன்று இப்படி ஓடிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ஹெல்ப்பர் பையன் ஈரக் கோணியை வாயில் அடைக்கப் போனான், ஃபோர்மேன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு ஒரு பலகையை வைத்து அடைத்தார். கோணியை அது உறிஞ்சிக்கொண்டு போயிருக்கும், கூடவே கையையும் இழுத்திருக்கும். இதற்காகவே டெட்ராய்டில் காற்று வரும் வழியில் எமர்ஜென்சி ஃப்ளாப் ஒன்று வைத்திருப்பார்கள், இழுத்தால் காற்றை அப்படியே அடைத்துவிடும். பழைய மெஷின்களில் பாதியில் அந்த ஒயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஃப்ளாப் துருப்பிடித்து இறுகியிருக்கும். சித்தப்பா முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஆனால் தினமும் அதை இழுத்து இன்ஜினை நிறுத்தக் கூடாது, அப்படிச் செய்தால் உள்ளே உண்டாகும் உறிஞ்சலில் நல்ல சீல் வழியாகக்கூட எண்ணெய் இறங்க ஆரம்பித்துவிடும்.

சொட்டுகிற எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். ஏர் பாக்ஸிலிருந்து ஒரு சின்ன ட்ரெயின் குழாய் வரும், அதில் கொஞ்சம் கறுப்பாக வடிவது சகஜம், அதை ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டால் போதும். நிறைய வடிந்தால்தான் கவலை. ப்ளாக்கின் பக்கவாட்டில் கையளவு மூடிகள் இருக்கும், கழற்றினால் லைனர் ஓட்டை வழியாகப் பிஸ்டனும் ரிங்கும் தெரியும். கிராங்க்கை மெதுவாகக் கையால் சுற்றிவிட்டு ஒரு மரக்குச்சியால் ரிங்கை அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்த் திரும்பி வந்தால் ரிங் உயிரோடு இருக்கிறது, அசையாமல் நின்றால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஹெட்டைக் கழற்றாமலே இவ்வளவு பார்க்க முடிகிற இன்ஜின் அபூர்வம். இன்டேக்கைக் கழற்றினால் ப்ளோயர் ரோட்டரும் தெரியும், அதன் ஓரங்களில் எண்ணெய் கோடாக ஓடியிருந்தால் சீல் போகிறது என்று அர்த்தம்.

எண்ணெயில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். லாரிக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40-ஐ இதில் ஊற்றக் கூடாது. ஒற்றை கிரேடு 40, சாம்பல் குறைவான வகை, டூ ஸ்ட்ரோக் டீசலுக்கான சிஎஃப்-2 தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். தண்டையார்பேட்டை ஹைரோடு கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார், ஒன்றில்லை. இன்னொன்று, மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடக் கூடாது, எரியாத எண்ணெயும் டீசலும் சைலன்ஸர் வழியாகக் கோந்து மாதிரி வழியும். வேலை இருந்தால் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள். வேலை செய்யும்போது சுற்றை இறங்க விடாமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழ்ச்சுற்றில் இழுக்கச் சொன்னால் இது முரண்டு பிடிக்கும்.

லேலண்ட் மாற்றலாமா? ரிங்கும் ப்ளோயரும் நன்றாக இருந்தால் என் ஓட்டு 6-71-க்கே, உதிரிபாகம் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஒரு தடவை சரியாக வைத்தால் கிரேன் துருப்பிடிக்கிற வரைக்கும் ஓடும். ரிங்கும் போய், ப்ளோயரும் போயிருந்தால் பாசம் பார்க்க வேண்டாம், மெக்கானிக் சொன்னதே சரி, எண்ணூரிலேயே செய்கிற இன்ஜினுக்கு நம் பக்கம் எந்தப் பட்டறையிலும் ஆள் இருக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். இந்த 71 வரிசையில் இடச்சுற்று இன்ஜினும் உண்டு என்று சொன்னேனே, கிரேனுடைய கியரும் வின்ச்சும் அதற்கேற்ற மாதிரி கட்டப்பட்டிருக்கும். இன்ஜின் மேல் இருக்கிற பிளேட்டில் மாடல் நம்பர் இருக்கும், அதை வைத்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டு, புது இன்ஜின் அதே பக்கம் சுற்றுமா என்று உறுதிப்படுத்திய பிறகு அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லுங்கள். பிளேட்டு விழுந்துபோயிருந்தால் ஸ்டார்ட் செய்து முன்பக்கப் புல்லி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும், ஃப்ளாப்பைச் சரிசெய்த பிறகு.